சிரித்த முகம்

இந்த அறையில் ஏசி கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை, எனக்குப் பழக்கம். எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான், வெளியே ஊரே வெந்துகொண்டிருந்தாலும் உள்ளே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நீங்கள் விசாரணை அதிகாரி. நான் எண்ணெய் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. உங்களுக்குக் கேட்பது பிழைப்பு, எனக்குப் பேசுவது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்குள் எங்கள் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது கரையில் இருந்தவர்களுக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுநாள் நாற்றம் வந்தது. அதன் பின்னால் எண்ணெய் வந்தது. அலைக்கு நுரையே இல்லை. தார்ப்பாயை இழுத்துப் போடுவது போல வந்து விழுந்து, அப்படியே கிடந்தது.

ஊர் எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் செருப்பு டப்பாவுக்குள் ஒரு செத்த பறவையை வைத்துக் கொண்டுவந்து வாட்ச்மேனிடம் நீட்டினார். "உங்க முதலாளிகிட்ட குடுத்திடுங்க, அவரோடதுதான்" என்றார். மீன் வெட்டுகிற பெண் ஒருத்தி, வேலை இல்லாமல் போன கத்தியின் பிடியால் கேட்டைத் தட்டித் தட்டிக் கேட்டாள்: "எவன்டா செஞ்சது? ஒருத்தனாவது வெளிய வந்து நான்தான்னு சொல்லுங்கடா."

நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் நிறுவனத்தில் அதற்குப் பதில் கிடையாது. போர்டு முடிவு செய்யும், டைரக்டர் தலையாட்டுவார், காண்ட்ராக்டர் வேலையை முடிப்பார். தலைவரை நேரில் பார்த்தவர்கள் எங்களிலேயே சொற்பம். ஒரு கட்டடத்தின் மேல் மனிதன் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்? முடியாமல் போகும்போது கல்லை எடுப்பான். கல்லை எடுத்தால் போலீஸ் துப்பாக்கியை எடுக்கும். அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் யோசித்தேன். உயிர்ச்சேதம் கூடாது என்பதுதான் என் முதல் எண்ணம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, "முதல்கட்டத் தகவலின்படி இது மனிதத் தவறு" என்றேன். யாருடைய தவறு என்று ஒரு பெண் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "அவருக்கும் குடும்பம் இருக்கு. பேரு மட்டும் கேக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான். பெயரை நான் சொல்லவே இல்லை. சம்பவத்தின்போது கடலுக்குள் கிணறு தோண்டும் மேடையில் பொறுப்பில் இருந்தவர் யார் என்பதை அன்று மாலைக்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் என் தங்கை புருஷன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நல்ல மனுஷன், வாய் அதிகம் கிடையாது. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து என் தங்கையே பேசிவிடுவாள். அவரைக் கரைக்குக் கொண்டுவந்தபோது இரண்டு கையிலும் கட்டு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கை அவருக்கு ஸ்பூனால் டீ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கிணத்துல அழுத்தச் சோதனை சரியா வரலைன்னு சொல்லி நிறுத்தக் கேட்டேன் மச்சான். அதை மட்டும் வெளிய சொல்லிடுறேன். மத்தது எதுவும் சொல்ல மாட்டேன், உங்க பேரை இழுக்க மாட்டேன்" என்றார்.

"மாப்ள, இப்போ வாயைத் திறந்தீங்கன்னா கோர்ட்ல அது உங்களுக்கே வினையா வந்து நிக்கும். யார் என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை பேசாதீங்க. என்கிட்ட விடுங்க."

"அண்ணன்தான் சொல்லுதே, சும்மா இருங்களேன்" என்றாள் தங்கை.

அவர் சும்மா இருந்தார். அவரைப் போல வாக்குக் காப்பாற்றுகிறவரை நான் பார்த்ததில்லை.

டிவிக்காரர்கள் படம் கேட்டார்கள். என் போனில் அவருடைய படங்கள் நிறைய இருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு, கண் உள்ளே போய், பார்க்கவே பாவமாக இருக்கும் படம் ஒன்றும் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் ஜனங்கள் உச்சுக் கொட்டியிருப்பார்கள். அப்புறம் மறுபடி எங்கள் கேட்டுக்கே வந்திருப்பார்கள். அதனால் குடும்பத்தோடு படகில் போனபோது எடுத்ததைக் கொடுத்தேன். அதில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் நல்ல நீலக் கடல். அவர் தோளில் கிடந்த என் கையை மட்டும் வெட்டிவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் கேட்டில் கூட்டம் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதி எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும்.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, வாசல் பூரா ஆளுங்க. கதவுல எண்ணெயை ஊத்துறாங்க. போலீசுக்குச் சொல்லேன், பயமா இருக்கு" என்றாள். "இதோ சொல்றேன், கதவைத் திறக்காதீங்க" என்றேன். சொன்னபடி போலீசுக்குச் சொன்னேன். அதற்கு முன்னால் டிவி நிருபருக்குச் சொன்னேன். ஊரின் கோபம் எங்கே திரும்பியிருக்கிறது என்பதை ஊரும் பார்க்க வேண்டும் அல்லவா? கேமரா போய்ச் சேர அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் போலீசைக் கூப்பிட்டேன். வேறு வேலையும் இருந்தது. தலைவருக்கு அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரையும் போல நானும் டிவியில்தான் பார்த்தேன். கதவை உடைத்தார்கள். "வா, வந்து பாரு நீ பண்ணினதை" என்று அவரைக் கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். மீன் வெட்டுகிற அந்தப் பெண் அவர் முகத்துக்கு நேராக நின்று, "எங்க பொழப்பைக் கெடுத்துட்டுச் சிரிக்கிறியாடா?" என்று கேட்டாள். அவர் அப்போது சிரிக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. பேசாமல் நிற்பதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ தள்ளினார்கள். எண்ணெய்க்குள் குப்புற விழுந்தார். கட்டுப் போட்ட கைகளை ஊன்றி எழப் பார்த்தார், வழுக்கிக்கொண்டே போனது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கே பயம் வந்துவிட்டது. தள்ளியவர்களே பாய்ந்து தூக்கப் பார்த்தார்கள். அவர் சட்டை, தோள், எதுவும் பிடிக்குச் சிக்கவில்லை. அந்தப் பெண் தன் புடவைத் தலைப்பால் அவர் மூக்கையும் வாயையும் துடைத்துக்கொண்டே இருந்தாள். போலீஸ் வந்து நிறுத்தச் சொல்லும் வரை துடைத்தாள்.

அன்றோடு எங்கள் கேட்டில் ஆள் நிற்பது நின்றுபோனது. ஒரு கொலைக்குப் பிறகு யாருக்கும் நியாயம் கேட்க நா எழாது. மீன் வெட்டுகிற பெண்ணும் அவள் தெருக்காரர்களும் ஜெயிலில் இருக்கிறார்கள். வாத்தியார் கேஸுக்குப் பயந்து ஊரை விட்டே போய்விட்டார். எண்ணெய் இன்னும் கரையில்தான் கிடக்கிறது, ஆனால் அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பக்கத்திலேயே இன்னொரு கிணறு தோண்ட எங்கள் நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. இரங்கல் செய்தியை நான்தான் எழுதினேன். தலைவர் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு துக்கத்திலும் கடமையை விடவில்லையே என்று தோளைத் தட்டினார். அவரை அன்றுதான் முதல்முறை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

நிறுத்தவா என்று மேடையிலிருந்து கேட்டபோது கரையிலிருந்து பதில் சொன்னது யார் என்று டைரக்டரைக் கேட்டீர்களாம். ஞாபகம் இல்லை என்றாராம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அவர் அறையில் இருந்தேன். "உங்க ஆளுதானே, நீங்களே பேசிக்குங்க" என்று போனை என் பக்கம் தள்ளினார். அந்த வாரம் அமைச்சரையும் பத்திரிகைக்காரர்களையும் கப்பலில் கூட்டிப்போய்க் கிணற்றைக் காட்டுவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். "மாப்ள, தேதி சொல்லியாச்சு. இப்போ தள்ளிப்போட்டா என் மானம் போயிடும். எப்படியாவது ஓட்டிடுங்க" என்றேன். அவர் சோதனைக் கணக்கை இன்னொரு தடவை படித்துக் காட்டினார். பிறகு, "நீங்க சொன்னாச் சரி மச்சான்" என்றார்.

ஆக, கிணற்று வேலையை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னதும் நான். பழியை அவர் பக்கம் திருப்பியதும் நான். வாயைக் கட்டியதும், கூட்டம் வாசலுக்கு வந்த பிறகு போலீசைத் தாமதப்படுத்தியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதில் எனக்கும் நஷ்டம் உண்டு என்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் துணைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை. நீங்கள் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், அதிகாரிகள் வாயால் கேட்டால் தாங்க மாட்டாள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னால் அவள் புரிந்துகொள்வாள்.