அண்ணன் அறைக்கு மாட்டிய ஏ.சி.

இன்ஸ்பெக்டர் ஐயா, சிலுவையின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் கலக்க எனக்கு வராது. கலந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள்.

கரண்டு வீணாவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும், ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அதை அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் குணம்தான் காரணம் என்பதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பது, பிப்ரவரி மாதம். என் மகள் டெய்சிக்கு ஆண்டனிராஜைப் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். அதை விட்டால் தவக்காலம்; ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மாப்பிள்ளை லீவு முடிந்து விமானம் ஏறிவிடுவார். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இப்படித்தான் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றது. இன்னொரு தடவை என்றால் பிள்ளை தாங்காது.

தடங்கல் என்று பார்த்தால் என் அண்ணன் ராயப்பராஜ் ஒருவர்தான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கல்யாணம் கட்டாதவர். நெஞ்சுச்சளி முற்றி எங்கள் வீட்டுப் பின்பக்க பெட்ரூமில் படுத்த படுக்கையாக இருந்தார். "இன்னைக்கோ நாளைக்கோ, சொல்ல முடியாது. குளிர் மட்டும் படாமப் பாத்துக்கங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் நிற்கும்.

ஒருவர் இறந்ததைத் திங்கட்கிழமை வரை வெளியே சொல்லாமல் இருப்பது பெரிய காரியமில்லை. கெடாமல் வைத்திருப்பதுதான் காரியம். ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அது வாசலில் இறங்கினால் தெருவே மாரடித்துக்கொண்டு வந்துவிடும். ஏ.சி. இறங்கினால் வயிறு மட்டும்தான் எரிவார்கள். அதனால் வியாழக்கிழமை, ஏ.சி. விற்கும் சேக் பரீது கடைக்குப் போனேன். அன்று காலையில் அண்ணன் இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பு இல்லை என்று என் மனைவி சகாயசெல்வியிடம் குறையும் சொன்னார்.

"என்னண்ணே, பனியே இன்னும் விடல. இப்பப் போயி ஏ.சி.யா?" என்றார் சேக் பரீது.

"அண்ணனுக்கு."

"அம்புட்டுப் பாசமா?"

"கூடப் பொறந்தவருல்ல."

ஒரு பெட்டியில் ஐந்து நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கரைக் காட்டினார். நட்சத்திரம் கூடினால் கரண்டுச் செலவு குறையுமாம். குழந்தை இயேசுவைத் தேடிக் கீழ்த்திசை ராஜாக்கள் ஒற்றை நட்சத்திரத்தை நம்பி அவ்வளவு தூரம் போனார்கள், எனக்கு ஐந்து. மிச்சம் பிடிக்கும் வழிகளையும் சொன்னார். சந்து பொந்தை அடைக்க வேண்டும். கதவைத் திறந்து மூடக் கூடாது. வைத்த அளவை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. "ஆளு ஒடம்புச் சூடும் ஒரு சூடுதானண்ணே, அதையும் மெஷினுதான இழுக்கணும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது.

மறுநாள் அவரே வந்து சுவரைத் துளைத்து மாட்டினார். அண்ணன் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே அப்பு, எனக்காடா இது?"

"ஒங்களுக்குத்தாண்ணே."

அவர் கண் கலங்கியது. "போற காலத்துல எனக்கு எதுக்குடா இம்புட்டுச் செலவு?"

"செலவெல்லாம் கம்மிதாண்ணே. பேசாமப் படுங்க."

சுவர் உச்சியில் இருந்த வெண்டிலேட்டரை நானே பசை தடவிப் பேப்பர் ஒட்டி அடைத்தேன். ஓடவிட்டுச் செத்த நேரத்தில் அண்ணன் போர்வை கேட்டார். ஒரு பக்கம் கரண்டைச் செலவழித்துக் குளிரை உண்டாக்கிவிட்டு, மறுபக்கம் போர்வையால் அதைத் தடுப்பது என்ன நியாயம், ஐயா? போர்வையை மடித்துப் பீரோவில் வைத்தேன். ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவருடைய சாவை நான் விரும்பவில்லை. என்றைக்கு என்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கோயிலில் தாலி கட்டும் நேரத்தில் வீட்டிலிருந்து ஓடி வந்து யாராவது அலறினால் நன்றாகவா இருக்கும்?

சனிக்கிழமை காலை காபி கொண்டுபோனேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. வீணாக்காமல் நானே குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏ.சி.யைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்றேன். "குளிரையும் பூட்டி வைக்கிற ஆளப்பா இவரு" என்று சிரித்தார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. நல்ல பெயர் என்பது நாள்பட்டுத்தான் சேரும்.

நிலக்கோட்டையிலிருந்து மல்லிகையும் மாலைகளும் வந்தபோதுதான் சிக்கல். "ஏ.சி. ரூம்புல வச்சா வாடாதுல்ல, கதவத் தொறங்க" என்றாள் சகாயசெல்வி.

"குடு, நான் வச்சிட்டு வாரேன்."

அறையில் வேறு இடம் இல்லாததால் மாலைகளை அண்ணன் மேலேயே பரப்பினேன். வெளியே வந்ததும் கேட்டாள், "பெரியவரு என்ன செய்யுறாரு?"

"அசையாமத் தூங்குறாரு."

"பாவம், இப்பவாச்சும் நல்லாத் தூங்கட்டும்."

திங்கட்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது டெய்சி, பெரியப்பா தன் நெற்றியில் சிலுவை போடாமல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவள் பிடிவாதம் தெரிந்ததுதான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டேன். கட்டில் ஓரம் குனிந்தாள். நான் அண்ணன் கையைத் தூக்கி, அவர் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டேன்.

"கை ஐஸா இருக்குப்பா."

"நல்ல ஏ.சி.ம்மா."

மாலை வாடாமல் இருந்ததை மண்டபத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை நான் கதவைத் திறந்து அழுதேன். "தம்பி மக கல்யாணம் முடியட்டும்னு உசிரக் கையில புடிச்சிட்டுக் கெடந்திருக்காரு மனுசன்" என்று ஊரே சொன்னது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தத் தடவை கரண்டு பில் குறைவாகவே வந்தது. உடம்புச் சூடு இல்லாத அறை என்பதால் இருக்கலாம்.

ஆகவே, ஐயா, என் அண்ணன் ராயப்பராஜைக் குளிரில் போட்டுக் கொன்றவன் நான்தான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குக் கண்புரை அறுத்துக் கட்டுப் போட்டிருப்பதால், நான் சொல்லச் சொல்ல இதைத் தாளில் எழுதித் தந்தவர் மேற்படி அண்ணன் ராயப்பராஜ்.