ஜெசிந்தாவின் வாய்தா நாட்கள்

ஜெசிந்தாவுக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். செங்கல்பட்டு கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரருக்கு அது அத்துபடி. "இந்தம்மாவுக்கு கம்மி, அந்தம்மாவுக்குத் தூக்கல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆற்றுவார். எங்களில் யார் வழக்குப் போட்டவள், யார் குற்றவாளி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. என் பெயர் விஜயகுமாரி, வயது எழுபத்தொன்று. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஜெசிந்தா என் வீட்டில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். படாளத்திலிருந்து காலை ரயிலில் வருவாள், சாயங்கால ரயிலில் போவாள். என் கணவர் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவளுடையதுதான். மகாபலிபுரம் கடற்கரைக்குப் போவதென்றாலும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். அப்படி இருந்தவள், ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். அவள் மகள் ஹெலன் குவைத்தில் நர்ஸ்.

"ஹெலன் முழுகாம கீறாம்மா. என்ன அங்க வரச் சொல்லுது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுக்கீறேன்."

"அப்ப நான்?"

"வேற ஆளு வெச்சிக்கம்மா" என்று சிரித்தாள்.

சிரித்ததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இதே ஸ்டேஷனுக்கு வந்து, என் மூன்று சவரன் செயினைக் காணவில்லை, ஜெசிந்தாமேல்தான் சந்தேகம் என்று எழுதிக்கொடுத்தேன். வழக்கு பதிவானது. அவள் பாஸ்போர்ட் நின்றுபோனது.

மாதம் ஒரு வாய்தா. பெயர் கூப்பிடும்வரை கோர்ட்டு வளாகத்து மரத்தடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். முதல் இரண்டு வாய்தாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவதில் என் வீங்கிய காலைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா இது? மாத்திரை போடறியா, இல்லியா?"

பழக்கம் எங்கே போகும். அன்றிலிருந்து நான் டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் போனில் படம் காட்டினாள்.

"பேத்தி பொறந்துகீதும்மா."

"மூக்கு அப்படியே உன் மூக்குடி."

"போன்ல மூக்கப் பாத்து இன்னா பண்றது? கேஸு முடியட்டும்ங்கறான் பாஸ்போர்ட் ஆபீஸ்ல. நீ ஒரு வார்த்தை சொல்லேம்மா."

டீ ஆறிவிடும் என்று நான் குடிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் வருஷம் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை ஆனாள். படி இறங்கும்போது, "இத்தோட சரிம்மா. இனிமே உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்றாள். டீ சொல்லியிருந்தேன். நிற்காமல் போய்விட்டாள்.

அடுத்த மாதம் வக்கீல் சுப்புராமனிடம் போனேன்.

"விட்டுடுங்கம்மா. ஒரு குத்தத்துக்கு ஒரு தடவைதான் விசாரணை. விடுதலையான ஆளை அதே செயினுக்காக மறுபடி கூண்டுல ஏத்த முடியாது."

"செயின் வேணாம். கம்மல்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்மலும் போச்சா?"

"போச்சு. வேற தேதியில."

வேறு பொருள், வேறு தேதி என்றால் வேறு குற்றம். சட்டம் அந்த அளவுக்கு நியாயமானது. எனக்கு இன்னும் மூன்று வருஷம் கிடைத்தது.

இந்த முறை அவள் டீயைத் தொடவில்லை. ஆனாலும் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பெஞ்சு ஒன்றுதானே. ஒரு வாய்தாவில் அவளாகவே பேசினாள்.

"நானே ஒத்துக்கறேம்மா. செயினு, கம்மலு, எல்லாம் நான்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன். எத்தினி மாசம் உள்ள இருக்கணும்னு கேட்டுச் சொல்லு. இருந்துட்டு வந்து எம் பேத்திய பாத்துக்கறேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எடுக்காததை எடுத்தேன்னு சொல்றது பாவம்டி" என்றேன். அவளைத் தடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்துவிட்டது. ஒருத்தியை அலைக்கழிக்க நீதிமன்றத்தையே கருவியாக்கியிருக்கிறேன் என்று தீர்ப்பில் இருக்கிறதாம். சுப்புராமன் படித்துக் காட்டினார். பெரிய வார்த்தைகள். அவள் சௌக்கியமா என்று நான் ஆறு வருஷம் மாதாமாதம் கேட்டது அதில் எங்கும் இல்லை.

இதோ பாருங்கள், செயின் கழுத்தில் இருக்கிறது. கம்மல் காதில். இன்று காலைவரை இரண்டும் என் வீட்டு அரிசி டிரம்மை விட்டு வெளியே போனதே இல்லை. வழக்கு வந்தால் பாஸ்போர்ட் நிற்கும் என்று புகார் எழுதும் முன்பே எனக்குத் தெரியும்.

மனசு உறுத்துகிறது. அதனால்தான் நானாக வந்தேன். பொய்ப் புகார் கொடுத்ததற்கு என்மேல் வழக்குப் போடுங்கள். எவ்வளவு தண்டனையானாலும் சரி. அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சாட்சி ஜெசிந்தாதானே? பதினெட்டாம் தேதி அவளுக்கு விமானமாம். சம்மன் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் இல்லையா, ஐயா?