அரை நிமிசப் பச்சை

— இஞ்சரப்பா, மூண்டு மணித்தியாலமாய் மேலை பாத்துக்கொண்டு நிக்கிறியள். கழுத்து அப்பிடியே இறுகப்போகுது.

— லூர்த்தம்மா, சும்மா இரு! செய்மதி குருநகருக்கு மேலாலை வாற நேரம்.

— உதைத்தானே போன மாசமும் சொன்னனீங்கள்.

— போன மாசம் மழை. அதுக்கு முதல்முறை நீ தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாய். திரும்பிப் பாத்தால் எல்லாம் முடிஞ்சு போச்சு. உன்ரை தேத்தண்ணியாலை உலக விஞ்ஞானமே அம்பது வரியம் பின்னுக்குப் போயிட்டுது!

— இஞ்சை அடுப்புக்குக் காஸ் வாங்க வரிசையிலை நிண்டனாங்கள். உவங்கள் செய்மதியிலை காஸைக் கொண்டுபோய் ஆகாயத்திலை திறந்து விடுறாங்கள்!

— உது பேரியமடி. தண்ணியிலை நீலம் கரைச்சால் நீரோட்டம் எங்கை இழுக்குதெண்டு தெரியுமெல்லோ? அப்பிடித்தான் பூமியின்ரை காந்தம் மேலை இழுக்கிறதும் தெரியும். இஞ்சை இருட்டு, அங்கை இன்னும் வெயில். பச்சையாய் மினுங்கும், அரை நிமிசம். பிறகு ஊதா. கம்பஸ் விஞ்ஞானியள் படமெடுத்துத் தரச்சொல்லிக் கேட்டது அந்தப் பச்சையை.

— அவையளே எடுக்கட்டுமன்.

— அவையள் நிக்கிற இடமெல்லாம் முகில். "ஐயா, உங்களை விட்டால் ஆளில்லை" எண்டு போனிலை அழுகினம். செய்மதியிலை இதுதான் கடைசிக் குப்பி.

— அப்ப கமராப் பட்டனை அமத்திக்கொண்டே இருங்கோவன்.

— பற்றறி சாகக் கிடக்குது. அதுக்குத்தான் மணியடிக்கிற பெடியன் டிலக்ஷனைப் பக்கத்துக் கோயில் மணிக்கோபுரத்திலை ஏத்தி விட்டிருக்கிறன். அவன்ரை கண்ணுக்கு, பாசையூர்க் கொக்கு எந்த மீனைப் பாக்குதெண்டு இஞ்சையிருந்து சொல்லுவான். அவன் கண்ட உடனை எனக்குத் தெரியவரும்.

— உவனோ! கோயில் மணியையே நேரத்துக்கு அடிக்கத் தெரியாதவன். ஆறு இருவதாச்சு, ஆறுமணிச் செபத்துக்கு இன்னும் மணி கேக்கேல்லை.

— உன்ரை வாய் ஓய்ஞ்சாலெல்லோ கேக்கும்.

— இந்தா, இப்ப அடிக்கிறான்! சிலுவை போடுங்கோ. கண்ணை மூடுங்கோ.

— அருள் நிறைந்த மரியே…

— மரியே எண்டு விழுங்காதேங்கோ. மூண்டு தரமும் முழுசாய்.

— …ஆமென்.

— ஆமென். மாதாவே, உதென்னப்பா மேற்கிலை? சாயம் போன சீலை மாதிரி, ஊதாவாய்…

— ஊதாவோ? ஐயோ, பச்சை போயிட்டுதடி! டிலக்ஷன்! எட டிலக்ஷன்! ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?

— யாகப்புப் பெரியப்பா! ஆறுமணி மணி ஆறுக்கே அடிச்சிட்டன், நீங்கள் ரண்டுபேரும் சண்டையிலை நிண்டிருப்பியள். இப்ப அடிச்சது, பச்சையைக் கண்டால் அடி எண்டு நீங்கள் சொன்ன மணி!