தங்கையின் சிரிப்பு

இந்த விசாரணை அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம் ஐயா. சுவரில் ஒரு கம்பளியை மாட்டினால் சரியாகிவிடும். நான் ஒலிப்பதிவாளன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கேட்ட அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

என் தங்கையின் பாட்டில் பல்லவிக்கு முன்னால் கலகலவென்று ஒரு சிரிப்பு வருமே, அதற்குத்தான் ஊரே வாயசைத்து வீடியோ போடுகிறது. அவள் நிஜமாகச் சிரித்தால் பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது போலிருக்கும். முதல் பாட்டுப் பதிவன்று அவளுடைய நாய்க்குட்டி செத்துப்போனதாகச் செய்தி வந்தது. மைக் முன்னாலேயே விம்மினாள். அந்த விம்மலைச் சற்று வேகப்படுத்திப் பார்த்தேன். அப்படியொரு சிரிப்பு.

இரண்டாவது பாட்டுக்கு அவளுடைய பூனையைத் தொலைவில் கொண்டுபோய் விட்டேன். நல்ல வீடுதான், விசாரித்துவிட்டுத்தான் விட்டேன். மூன்றாவதுக்கு, அம்மாவின் ஸ்கேன் சரியில்லை என்றேன். அம்மா இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பல் டாக்டர், தங்கமான மனிதர். ஆறு மாதமாக அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, எப்போது பார்த்தாலும் அந்த ஸ்கூட்டர் சிரிப்புதான். அதையே வீடியோவில் போட்டாள். "என்னக்கா, டல்லா இருக்கீங்க? அந்தப் பழைய சிரிப்பு எங்கே?" என்று கீழே ஆயிரம் பேர் கேட்டார்கள். ஒரு வாரம் உம்மென்று இருந்தாலே கூட்டம் கழன்றுகொள்ளும் உலகம் ஐயா இது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி போட்டேன். அவளுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருப்பதாக எழுதியது நான்தான். அத்தனையும் பொய். பெயரில்லாக் குழந்தை நம்பும்படி இருக்காது என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தேன்.

கல்யாணம் நின்றுபோனது. அந்தக் கடிதம் அவள் கைக்கு வந்ததும் என் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நேராகப் பதிவறைக்கு வந்தாள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணின? நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். கூடப் பிறந்தவள் அல்லவா? கையைப் பிடித்துத் தூக்கி, மெல்ல உள்ளே நடத்திக் கூட்டிவந்து மைக்குக்கு எதிரே உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். இருபது நிமிடம் அழுதாள்.

நானும் அவளோடு சேர்ந்து அழுதேன் ஐயா. அது பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. என்னுடையதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன்.