பக்கத்து வீட்டு மண்வெட்டி

– அந்த மண்வெட்டியைக் கீழ வை, தரிங்கா. செத்தவன் வீட்டு ஆளு குழியில கை வைக்கக் கூடாது.

– பின்ன யாரு வெட்டுவா, விதோயே அண்ணே? விடியுமுன்னயே வந்து ஒத்தையா மல்லுக்கட்டுறே. மதியம் பாதிரியார் வந்து நிப்பாரு.

– மொதல்ல அவரு இந்த மேட்டுல ஏறட்டும். போன தடவ பாதியிலயே உக்காந்துட்டாரு. கழுதைய அனுப்பித்தான் கூட்டியாந்தோம்.

– சிரிப்புக் காட்டாத. நாலு வீட்டு ஆளு சேந்து வெட்டுற குழி இது. மேல்வீட்டுல ஒருத்தர், கீழ்வீட்டுல ஒருத்தர், எதிர்த்தாப்புல ரெண்டு பேரு.

– மத்த வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு, இப்போ நாலு வீடும் நான்தான். சொல்றேன் கேளு, இது பலத்துல ஆகுற வேலை இல்ல. மேல களிமண்ணு, அதுக்கடியில சரளை. மண்வெட்டி சத்தம் மாறும் பாரு, அங்கதான் சரளை ஆரம்பம். களிமண்ண இந்தப் பக்கம் போடணும், சரளைய அந்தப் பக்கம். மூடும்போது சரளை முதல்ல, களிமண்ணு கடைசியில. அப்பத்தான் மழைத்தண்ணி எறங்காது, நரியும் கிளறாது. எல்லாம் உன் புருசன் ஒப்ராத் சொல்லிக் குடுத்தது.

– அவரா? நம்ம ரெண்டு வீட்டு எல்லையில நிக்கிற பிளம் மரத்துக்காக ரெண்டு பேரும் மூஞ்சில முழிக்காம இருந்தீங்களே!

– பேசலதான். ஆனா மத்தவங்க குழிய ஒண்ணாத்தானே வெட்டுவோம்? நான் மண்ண மாத்திப் போட்டா, வாயத் திறக்காம மண்வெட்டிக் காம்பால முதுகுல ஒரு தட்டுத் தட்டுவான்.

– அதான் என் மனுசன். நேத்துக் காலையில நீ மண்வெட்டியோட வாசல்ல நின்னதும் மக ஸ்லாவிட்சா நடுங்கிப்போனா. அப்பா செத்தும் விடாம இவரு அடிக்க வந்துட்டாருன்னு.

– சண்டை மரத்தோட. குழியோட இல்ல. வியன்னாவுக்குப் போயி உன் மகளுக்கு இதெல்லாம் மறந்துபோச்சு.

– மறக்காமலா டவுன்ல இருந்து மண்ணு தோண்டுற மிஷின வரவழைக்கிறேன்னா? கத்திட்டேன். இந்த ஊருக்கே கையால குழி வெட்டின மனுசன், அவரப் போயி இரும்புப் பல்லு கடிச்ச பள்ளத்துல போடுறதா?... ஆமா, ஏன் இத்தன அகலமா வெட்டுறே? அவரு குச்சி மாதிரி ஆளு.

– சரளை சரியும். வாய் அகலமா இருந்தாத்தான் சுவரு நிக்கும். ரொட்டி கொண்டாந்தியா?

– மொதல்ல சாராயம். மொத வாய் அவருக்கு, குழியில ஊத்து.

– குடிடா ஒப்ராத்... ஏ தரிங்கா, இது எல்லை மரத்துப் பழத்துல காய்ச்சினதா?

– பின்ன? நீ எந்திரிக்கிறதுக்கு முந்தி போயிப் பொறுக்கியாந்துருவாரு.

– தெரியும். அதுக்கும் முந்தி நான் போயி உங்க பக்கத்துக் கிளைய உலுக்கி விட்டுருவேன்.

– அடப்பாவி! அவருக்குத் தெரியுமா?

– தெரியாமலா? காத்தே அடிக்காத நாள்ல அத்தன பழம் தானா விழுமா?

– அழ வைக்காத அண்ணே. இப்பத்தான் கண்ணத் தொடச்சேன்.

– சரி, மகள் உன்னக் கூட்டிப் போகணும்னு நிக்கிறாளாமே?

– டிக்கெட்டே எடுத்துட்டா. மாட்டேன்னுட்டேன். அவ கட்டடத்துல சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் செத்திருக்காரு. லிஃப்ட் பக்கம் ஒட்டின தாளப் பாத்துத்தான் இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஆளோட பேரே அதப் பாத்துத்தான் தெரியுமாம்! இங்க நான் அடுப்புப் பத்த வைக்கக் கொஞ்சம் சுணங்கினா, நீ வேலியோரம் வந்து இருமுவ.

– அது சளி.

– ஆமா, எங்க வீட்டுப் புகை வந்ததும் நின்னுபோற சளி! எனக்குக் கால் ஒடிஞ்சப்போ, மழைக்கு முந்தி எங்க புல்ல அறுத்துப் போர் போட்டது யாரு? அதுவும் பேசாத காலத்துல. அதான் ஸ்லாவிட்சாகிட்ட சொன்னேன். எனக்கு விதோயே அண்ணன் இருக்காரு, என் புகையப் பாத்துக்குவாரு, என் முறை வந்தா அவரே வெட்டுவாரு, டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துருன்னு.

– ... குடுத்துட்டாளா?

– காலையிலயே. ஏன் அப்படி நிக்கிறே? தண்ணி வேணுமா?

– தரிங்கா, கொஞ்ச நாளா உன் வீட்டுப் புகை எனக்குத் தெரியறதில்ல. புகைபோக்கியும் தெரியல. உன் கதவு சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் போறேன்.

– என்ன அண்ணே சொல்றே?

– கண்ணு போயிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை என் மகன் என்னக் கூட்டிப் போக வண்டியோட வர்றான். ஆட்டையும் வித்தாச்சு, வாங்கினவங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. உன் வீட்டுல சாவு விழுந்த நேரம், எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

– அப்போ... இந்த அகலம்?

– உன் முறைக்கு நான் இருக்க மாட்டேன். மிஷின் உன்னத் தொட வேண்டாம்னு அவன் பக்கத்துல உன் குழியையும் சேத்து வெட்டியாச்சு. உன் பக்கம் களிமண்ணு போடாம சரளைய மட்டும் போட்டு வைக்கிறேன் தரிங்கா, யாரு வந்தாலும் கையாலயே அள்ளிடலாம்.