பச்சைத் தலைக் குழல்

பல் டாக்டரம்மாவின் இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஆர்மோனியக்கார ஐயா அவர்களே! மேடையில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெருமக்களே! முன்வரிசையில் மடியில் குழலோடு வீற்றிருக்கும் கணக்கு வாத்தியார் அவர்களே! தகரக்குழல் மன்றத்தின் உறுப்பினர்களே! பல் டாக்டரம்மாவிடம் பல்லைப் பறிகொடுத்தவர்களே, பல்லைத் திரும்பப் பெற்றவர்களே! அவருடைய மருத்துவமனைக்குக் கீழே மருந்துக்கடை நடத்தும், மன்றத்தின் துணைத்தலைவனாகிய அடியேனின் வணக்கம்.

அழ வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். டாக்டரம்மாவைப் பற்றிப் பேசும்போது என்னால் ஐந்து நிமிடம்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க முடியாது. உங்களால் மட்டும் முடியுமா?

நான் மன்றத்தில் எப்படிச் சேர்ந்தேன்? விரும்பியா சேர்ந்தேன்? கடைவாய்ப் பல் வலி என்று மாடிப்படி ஏறினேன். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, "அண்ணே, நம்ம மன்றத்துல சேர்றீங்கல்ல?" என்று கேட்டார். நான் "ஆ... ஆ..." என்றேன். "ரொம்ப சந்தோஷம்" என்று பெயரை எழுதிக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். இங்கே இருக்கும் உறுப்பினர்களில் பாதிப் பேர் இந்த வழியில் வந்தவர்கள்தானே!

குழல் வாங்க பொம்மைக் கடைக்குத்தான் போவோம். பெரிய கடைகளில் விலை கேட்டாலே நமக்கு மூச்சு நின்றுவிடும், அப்புறம் எங்கே ஊதுவது? பொம்மைக் கடையில், ஊதும் முனையில் பிளாஸ்டிக் தலை வைத்த தகரக்குழல்கள் ஒரு வாளி நிறையக் கிடக்கும். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து, காற்றுப் பாதை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாத் துளைகளையும் மூடி மெல்ல ஊதுவார். அடிஸ்வரம் நடுங்காமல் நின்றால் ஒரு பக்கம். எகிறிக் குதித்துக் கீச்சிட்டால் மறு பக்கம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "டாக்டரம்மா, விக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழுவணுமா, இல்ல நீங்களே ஊதி முடிச்சிடுவீங்களா?"

"நீங்க மொதல்ல உங்க ஈறைக் காட்டுங்க" என்றார் அம்மா. அவரும் மன்றத்தில் சேர்ந்துவிட்டார். அதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிறார்.

வாங்கிய குழல்களுக்கு மாடியில் சிகிச்சை நடக்கும். தலையைச் சூடான தண்ணீரில் முக்கினால் பசை இளகும். மெல்லத் திருகினால் கழன்றுவரும். உள்ளே இருக்கும் வெற்றுக் குழிவில், பல் அச்சு எடுக்கும் ரோஸ் நிற மெழுகை வைத்து நிரப்புவார். துளைகளின் பிசிறை உப்புத்தாளால் தேய்ப்பார். அவ்வளவுதான்! பூனையை மிதித்ததுபோலக் கத்திய குழல் பாடத் தொடங்கிவிடும். தலை இப்படிக் கழன்று நகர்வதில் இன்னொரு வசதி: தலையை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லோரும் ஊதிப் பார்த்து வாங்கினோம். ஒருவர் மட்டும் அளவுகோலோடு வந்தார். யார் என்று சொல்ல வேண்டுமா? டாக்டரம்மாவின் கணவர், கணக்கு வாத்தியார்! வாளியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அளந்து, இருப்பதிலேயே நீளமானதை எடுத்தார். "எல்லாம் ஒரே விலைதானே? நீளமா இருக்கிறதுதான் லாபம்!"

"நுனியில கொஞ்சம் அறுத்துடட்டுமாங்க?" என்று அம்மா சின்ன ரம்பத்தோடு கேட்டார்.

"அறுத்தா லாபம் போயிடுமே!"

அம்மா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

நம் மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம். அம்மாவின் பச்சைத் தலைக் குழலுக்கு எல்லோரும் சுருதி சேர்க்க வேண்டும். "இது மட்டும் கழல மாட்டேங்குது. எல்லாரும் எனக்காகக் கொஞ்சம் இறங்கி வாங்க" என்பார். நாங்களும் தலையை இழுத்து இறங்கினோம். எங்களுக்குள் வாசித்தவரை தேனாக இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில், இதோ தலைமை வகிக்கும் ஐயாவின் ஆர்மோனியத்தோடு சேர்ந்தோமே, அன்றைக்குத் தெரிந்தது! ஐயா பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "நான் ஒரு வீட்ல இருக்கேன், நீங்கல்லாம் பக்கத்து வீட்ல இருக்கீங்க."

வாத்தியாருக்கு வந்ததே கோபம்! "உன் பச்சையால மானமே போச்சு!" அன்று முதல் வாரம் தவறாமல் இந்தப் பாட்டுதான். அம்மா என்ன சொல்வார்? "ஆமாங்க, என்ன பண்றது, பிடிவாதம் பிடிக்குது" என்று சிரிப்பார்.

அம்மா போன பிறகு மன்றம் கூடியது. கூடியது என்ன, உடையப் பார்த்தது! ஆர்மோனியத்தோடு சேரலாம், பச்சையை விட்டுவிடலாம் என்று ஒரு பாதி. பச்சையை விட்டால் நாங்கள் வரமாட்டோம் என்று மறு பாதி. நானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவன்தான். அம்மா சேர்த்த கூட்டம் அம்மாவோடேயே போய்விடும்போல இருந்தது.

நேற்று மாலை வாத்தியார் என்னை மாடிக்கு அழைத்தார். ஒரு கையில் சூடான தண்ணீர், மறு கையில் பச்சைக் குழல். "அவ குழலால மன்றம் உடையக் கூடாது. உடைஞ்சா குழல் உடையட்டும். நானே கழட்டிடறேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தண்ணீர் தேவைப்படவில்லை, பெரியோர்களே! தொட்டதும் தலை சுழன்றது! வெண்ணெயில் விரல் போவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ரோஸ் நிற மெழுகு. என்றைக்கோ கழற்றிச் செப்பனிட்ட குழல்! உள்ளே தள்ளி ஊதினால், என் கைப்பேசியில் இருக்கும் சுருதிப் பெட்டியோடு அச்சாகச் சேர்கிறது. அப்படியானால் இந்த அம்மா ஏன் கழலவில்லை என்று சொன்னார்? யாருக்காக எங்களை எல்லாம் இறக்கினார்?

வாத்தியார் கணக்குப் போடுகிறவர் அல்லவா? தன் நீளக் குழலை எடுத்தார். தலையை முட்டும்வரை உள்ளே தள்ளினார். ஊதினார். சுருதிப் பெட்டியோடு சேரவில்லை. குழல் நீண்டால் சுருதி தாழும்; இன்னும் தள்ளவோ இடமில்லை. அந்தக் குழலால் இறங்கத்தான் முடியும், இதற்கு மேல் ஏற முடியாது! பச்சையின் சுருதி என்று நாங்கள் கும்பிட்டது எல்லாம் வாத்தியாரின் லாபத்தின் சுருதி!

நோயாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் வாத்தியார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத்தனை வருஷமா எனக்கே தெரியாம மரத்துப்போற ஊசி போட்டிருக்காய்யா! திட்டெல்லாம் அவ வாங்கிக்கிட்டா!"

சிரித்து முடித்ததும் எழுந்து, "ரம்பம் எங்க?" என்றார்.

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாத்தியாரை அதட்டினேன். "வைங்க கீழ! டாக்டரம்மாவே வைக்காத கத்தியை நீங்க யாரு வைக்க?" ரம்பத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, கீழே வந்து ஆர்மோனியக்கார ஐயாவைத் தொலைபேசியில் பிடித்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஐயா, "என் பெட்டியை இறக்க முடியாதுப்பா. நான் இறங்கலாம்ல?" என்றார்.

ஐயா, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் குழலை எடுத்துச் சபைக்குக் காட்டுங்கள்! இன்று காலை பொம்மைக் கடையில் அவரே ஊதி ஊதித் தேர்ந்தெடுத்தது! சூடான தண்ணீரில் நான் முக்கினேன், மெழுகு வாத்தியார் வைத்தார்.

பல் டாக்டரம்மா அவர்களே! உங்களைப்போலப் பல் பிடுங்க வேறொருவர் வருவார். பிடுங்கும்போது உறுப்பினர் சேர்க்க யார் வருவார்? நாங்கள்தான் சேர்க்க வேண்டும், சேர்ப்போம். வாளியில் கிடக்கும் குழல்களை இனியும் ஊதிப் பார்த்து எடுப்போம், மாடியில் இனியும் தண்ணீர் கொதிக்கும். யார் வந்தாலும், எவ்வளவு நன்றாக வாசித்தாலும், நம்மில் ஏற முடியாதவருக்காக இறங்கி வருவோம். இது உங்கள் மேல் ஆணை.

பச்சைக் குழலை இன்று யார் ஊதுவது என்று கேட்டீர்கள். யாரும் ஊத வேண்டாம். அது அந்த மேசைமேல் இருக்கட்டும். உறுப்பினர்களே, எழுந்து நில்லுங்கள். எல்லோரும் தலையைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். ஐயா, நீங்களும்தான்.

வாத்தியாரே, நீங்கள் தொடங்குங்கள். நாங்கள் சேர்ந்துகொள்கிறோம்.