டன்ஸ்டர் துரையின் நல்ல பேர்

எனக்குப் பிளேன்டீயே போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. பால் ஊற்றினால் நெஞ்சு கரிக்கும்.

உடப்புசல்லாவைக்கு மேலே எங்கள் தோட்டத்தை உண்டாக்கியவர் கர்னல் டன்ஸ்டர். பட்டாளத்திலிருந்து வந்த துரை. காட்டை அழித்தார், ரோடு போட்டார், பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராகப் போனார். அவருடைய பங்களா இப்போது ஹோட்டல். நான் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மேலே கங்காணி. வெள்ளைக்காரர்கள் வந்தால் பங்களாவில் அவர் கதையைச் சொல்வதும் நான்தான். அவர் காலத்தில் எங்கள் பாட்டனுக்கு அப்பன் பெரியகங்காணி. துரைக்கு வலது கை.

போன வாரம் துரையின் கொள்ளுப்பேத்தி வந்தார், அவர் வாழ்க்கையைப் படமெடுக்க. கொழுந்து பறிக்கிற பெண்களிடம், துரையைப் பற்றி உங்கள் வீடுகளில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்டார். நான்தான் தமிழில் சொன்னேன். எல்லாரும் சிரித்து மழுப்பினார்கள். பேச்சியம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்தாள்.

"ரோடு போட்டாருங்க, இல்லைங்கல. வாந்திபேதி வந்தப்ப சீக்காளிங்கள லயத்துக்குள்ள வச்சுப் பூட்டி நெருப்பு வச்சதும் அவருதாங்க. எங்காளுங்களும் அதுல வெந்தாங்க. பூட்டுனது யாருன்னு இந்தக் கங்காணியையே கேளுங்கம்மா. அவுங்க வீட்டு ஆளுதான்."

துரை நோயாளிகளைத் தனியாக வைத்துப் பராமரித்தார் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் நுவரெலியாவிலிருந்து ஒரு தமிழ் டீச்சரைக் கூட்டி வருவதாகவும், பேச்சியம்மா எல்லாவற்றையும் ஆற அமரச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போய் நல்லவிதமாகத்தான் பேசினேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் லேசான வேலை வாங்கித் தருகிறேன் என்றேன்.

"நான் சொல்லாட்டி அது நடக்கலன்னு ஆயிருமா, கங்காணி?" என்றாள்.

திரும்பி வரும் வழியில்தான் மேட்டு மலை நிழல் மரத்தில் குளவிக்கூட்டைப் பார்த்தேன். பார்த்தால் ஆபீசில் சொல்ல வேண்டும். அந்த மலையில் வேலையை நிறுத்திவிடுவார்கள். நான் சொல்லவில்லை. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டில் யாருக்கு எந்தத் தேயிலை நிரை என்று பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. மரத்தடி நிரையை அவளுக்குக் கொடுத்தேன்.

குளவி கலைந்தால் சேலைக்கு மேல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் அது தெரியும். அதனால்தான், படமெடுக்க வருகிறார்கள், சேலை தெரியட்டும், இன்றைக்குப் படங்கு வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவளும் நல்ல சேலையாகத்தான் உடுத்தி வந்திருந்தாள்.

குளவி மொய்த்து அவள் கத்திக்கொண்டு ஓடியபோது மற்றப் பெண்கள் தங்கள் படங்குகளை அவிழ்த்துக்கொண்டு அவளிடம் ஓடினார்கள். முன்னால் வந்தது அவள் மகள் நிஷாந்தி. நான் பாதையை மறித்து நின்றேன். ஒருத்திக்காக எத்தனை பேரைச் சாகவிடுவது? சத்தம் அடங்கிய பிறகு வழிவிட்டேன். அந்த அம்மா சவப்பெட்டிக்குக் காசு கொடுத்தார். பெரிய மனசு, துரையின் ரத்தம் அல்லவா.

கூடு தானாகக் கலையவில்லை. நிஷாந்தி சொன்னது சரிதான், கல்லை எறிந்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் துரையின் பேரைக் காப்பாற்ற எறிந்தேன் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பேருக்காக என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.